மூன்று என்று எழுதிய பதினோரு நாள்கள்

"உங்காத்தா எங்க காட்டுல பருத்தி எடுத்தவ. தராசு முள்ளு எங்க நிக்குன்னு பாக்கக்கூடத் தெரியாது அவளுக்கு. நீ வந்து என் வலிய அளக்கப் போறியாக்கும்?"

சோழபுரத்தில் அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்த முதல் நாள், கட்டிலில் கிடந்த அம்மாள் கேட்ட கேள்வி இது. அதற்கு முன்னால் எந்த ஊர், யார் மகள் என்று இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். வன்னியம்பட்டி என்றதும், அம்மாவின் பெயரைச் சொன்னதும் அவருக்குப் போதுமானதாக இருந்தது. பருத்தி வெடிக்கும் மாதங்களில் வன்னியம்பட்டியிலிருந்து லோடு ஆட்டோவில் பெண்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். என் அம்மா அந்த வண்டியில் நின்றுகொண்டே போய்வந்தவள். போன இடம் இந்த வீட்டுக்காரர்களின் காடு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. நர்சிங் டிப்ளமோ படித்தேன். இப்போது, குணமாகாத நோயில் வீட்டோடு கிடப்பவர்களைத் தேடிப்போய்ப் பார்க்கும் குழுவில் வேலை. அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில். ஸ்கூட்டியில் ராஜபாளையம் வரைக்கும், அதைத் தாண்டியும் போவேன். வலி, வாந்தி, தூக்கம், மூச்சுத்திணறல், மலச்சிக்கல் ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்டுத் தாளில் எழுத வேண்டும். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை, பத்து என்றால் இதற்குமேல் தாங்க முடியாது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார். நோயாளி சொல்வதுதான் அவருடைய வலி, நாமாக ஓர் எண்ணைப் போடக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த விதியை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன்.

அம்மாளுக்கு அறுபது வயது நெருங்கியிருந்தது. கர்ப்பப்பை வாயில் தொடங்கிய புற்று இடுப்பெலும்புக்கும் தண்டுவடத்துக்கும் போயிருந்தது. கணவர் இல்லை. ஒரே மகன், போலீஸ்காரர். மகனும் மருமகளும் அதே வீட்டில் இருந்தார்கள்.

அன்றைக்கு அளவை விளக்கிச் சொல்லிவிட்டு எத்தனை என்று கேட்டேன்.

"ஆறுன்னு எழுதிக்கோ. எழுதத் தெரியும்ல?"

எழுதினேன். டாக்டரிடம் போனில் சொன்னேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்பின் மாத்திரை, கூடவே மலம் இளகுவதற்கு ஒரு மாத்திரை என்று சொன்னார். மார்பின் அபினிலிருந்து எடுக்கும் மருந்து, கணக்கு வைத்துத்தான் தருவார்கள். மறுநாளே இரண்டு வாரத்துக்கான மாத்திரை அட்டைகளை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போய் மகன் கையில் கொடுத்தேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க ஸ்டேஷன்ல இந்த மாதிரி சாமான வச்சிருக்கவன உள்ள தள்ளுவோம் சிஸ்டர். நீங்க என்னன்னா வீட்டுக்கே டெலிவரி பண்ணுதீய."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியது என் வேலை. நான் கேட்கவில்லை. காரணம், அவர் ஒரு நாற்காலியைத் துண்டால் துடைத்து ஃபேனுக்கு நேர் கீழே போட்டு, "உக்காருங்க சிஸ்டர்" என்று சொல்லியிருந்தார். அந்த வீட்டுக் கொல்லைக் கேட்டுக்கு வெளியே நின்று என் அம்மா இரண்டு கையையும் குவித்துத் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறாள். நான் நடுக்கூடத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாளில் வலி மூன்றுக்கு இறங்கியது. அந்த மூன்று உண்மையான மூன்று. அம்மாள் ஒருக்களிக்காமல் நேராகப் படுத்திருந்தார், இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், என்னை வைவதற்குக்கூடத் தெம்பு கூடியிருந்தது. அதற்குப் பிறகு பதினோரு நாள், தினமும் காலையில் போன் செய்வேன், மகன் எடுப்பார்.

"மூணு சிஸ்டர்."

நேரில் போகும் நாள்களில் மகன் கட்டில் தலைமாட்டில் நிற்பார். நான் கேட்பேன். அம்மாள் மகன் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூணு" என்பார்.

மகனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆறடி மனிதர். தாயைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக் குளியலறைக்குக் கொண்டுபோவார், யூனிஃபார்ம் நனைவதைப் பார்க்க மாட்டார். அதைப் பார்த்தவர்கள் யாரும் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பதினோரு நாளில் நான் பார்த்தவற்றையும் சொல்ல வேண்டும். போர்வைக்குள் கால்விரல்கள் மடங்கி இறுகியிருப்பதைப் பார்த்தேன். ஃபேன் ஓடும்போதே மேலுதட்டில் வேர்வை நிற்பதைப் பார்த்தேன். இட்லி போய் கஞ்சி வந்தது, கஞ்சியும் தம்ளரில் ஆறிக் கிடந்தது. இடது பக்கமாகவே படுத்துப் படுத்து அந்தக் கன்னத்தில் தலையணைத் தையல் அச்சாகப் பதிந்திருந்தது. எல்லாம் பார்த்தேன். மூன்று என்று எழுதினேன்.

"செத்த நேரம் வெளியில இருங்க, நான் அம்மாகிட்ட தனியாப் பேசணும்" என்று மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் முகம் மாறும், அடுத்த முறை நாற்காலி வராது என்று தோன்றியது. இது ஒரு காரணம். இன்னொரு காரணம் இதைவிட மோசமானது. போகும் ஒவ்வொரு முறையும் அம்மாள் ஏதாவது சொல்வார்.

"உங்காத்தா இன்னும் காட்டு வேலைக்குப் போறாளா, இல்ல மக சம்பாத்தியத்துல உக்காந்து திங்காளா?"

"செருப்ப வாசல்ல விட்டியா, இல்ல ஒங்க வீடுன்னு நெனச்சு உள்ள போட்டுட்டு வந்துட்டியா?"

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே ரத்த அழுத்தம் பார்ப்பேன். தாளை எடுத்து, மூன்று என்று எழுதும்போது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் ஓடும். நீ சொன்னதுதானே, சரி, மூன்றாகவே கிட. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த விதி எனக்கு நல்ல ஒளிவிடமாக இருந்தது. வாராந்திரக் கூட்டத்தில் டாக்டர் என் தாளைக் கையில் எடுத்துக் காட்டி, "ஆறுலேருந்து மூணு, அப்புறம் ஏறவே இல்ல. இப்படித்தான் இருக்கணும்" என்றார். கைதட்டல் இல்லை, ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை.

பன்னிரண்டாவது நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. என் முறைநாள் இல்லை. ராஜபாளையத்தில் வேறொரு நோயாளியைப் பார்க்கப் போனவள், நேரம் இருக்கவே சோழபுரம் வரைக்கும் வண்டியை விட்டேன். வாசலில் மகனுடைய பைக் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலையில், மலைமேல் பெருமாளைப் பார்க்க வரும் கூட்டத்துக்குப் பந்தோபஸ்து போயிருந்தார். கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் மருமகள் நின்றாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை வாளிக்குள் அமுக்கினாள்.

"என்னக்கா அது?"

"தலகாணி உறை."

வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒரு மூலை முழுக்கக் கந்தலாக இருந்தது. ஈரத்திலும் பல் பட்ட இடங்கள் தெரிந்தன.

"அத்ததான். வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டே கெடக்காக. சத்தம் ரோட்டுக்குக் கேட்டா அவியளுக்குக் கோவம் வரும்."

"மாத்திரை குடுக்கீங்கள்ல?"

"ரெண்டு நாள் குடுத்தாக. பொறவு பீரோவுல வச்சுப் பூட்டிட்டாக. சாவி அவிய இடுப்புலதான்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க என்னைக்கு எங்கிட்ட கேட்டீக?"

உள்ளே போனேன். அம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார்.

"இன்னைக்கி ஒன் நாளு இல்லியே."

"மாத்திரை சாப்பிடலயாமே நீங்க?"

"போலீஸ்காரன் வீட்டுல போதை மருந்து திங்கச் சொல்லுதியா? அவன் கஞ்சா விக்கவனப் புடிக்கப் போவான், ஆத்தாக்காரி வீட்டுல கெறங்கிக் கெடப்பா. நல்லாருக்கும். அவனுக்கு ஏட்டு பிரமோசன் வரப்போகுது."

"வலி எத்தனம்மா?"

"மூணு."

"உங்க மகன் இங்க இல்ல."

"அவன் இல்லேன்னா என்ன? நீ இருக்கியே."

படுக்கைப்புண் இருக்கிறதா என்று பார்க்கத் திருப்புவதற்காக இடுப்பில் கை வைத்தேன். திருப்புவதற்கு முன் சொல்லிவிட்டுத் திருப்ப வேண்டும், ஓர் ஆளைத் துணைக்குப் பிடிக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் செய்யாமல் எலும்பு இருக்கும் இடத்தில் அழுத்தினேன். தேவைக்கு மேல் அழுத்தினேன். அம்மாள் கத்திய சத்தத்தில் மருமகள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். ரோட்டில் போன யாரோ, "என்னாச்சு?" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார்கள்.

மூச்சு திரும்ப அம்மாளுக்கு நேரமானது. கண்ணில் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

"பத்து" என்றார். "எழுதிக்கோட்டி. போயி உங்காத்தாட்ட சொல்லு. கேட்டு அவளுக்கு வயிறு குளுரட்டும்."

மார்பினை நாங்கள் பையில் வைத்துக்கொண்டு திரிய முடியாது. அலுவலகத்தில் பூட்டியிருக்கும், அன்று மதியத்தோடு பூட்டியாகிவிட்டது. இருக்கிற மாத்திரை பீரோவுக்குள் இருக்கிறது. மகனுக்கு நாலு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. அவர் பந்தோபஸ்து நிற்கும் மலைக்கே ஸ்கூட்டியைத் திருப்பினேன். வழியில் நின்று டாக்டரைக் கூப்பிட்டு, வலி பத்து, வீட்டார் மாத்திரை கொடுக்கவில்லை என்று சொன்னேன்.

"எத்தன நாளா?" என்றார்.

"ரெண்டு நாளா சார்" என்றேன்.

எளிதாக வந்தது பொய். பழைய அளவிலேயே தொடங்கச் சொன்னார்.

மலையடிவாரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலேயே வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். கூட்டத்தில் துளசி மாலைகளும் மொட்டைத் தலைகளும் என்னைத் தள்ளிக்கொண்டு போயின. படிக்கட்டுக்குப் பக்கத்தில், கட்டியிருந்த மூங்கில் தடுப்பருகே மகன் நின்றார். கூட நாலைந்து போலீஸ்காரர்கள்.

"சிஸ்டர்? அம்மாவுக்கு என்ன?"

"பீரோ சாவியக் குடுங்க சார்."

குரலைத் தாழ்த்தினார். "டூட்டி முடிச்சு வாரேன். அதான் மூணுக்கு வந்துருச்சுல்ல, பொறவு எதுக்கு அதப் பழக்கப்படுத்திக்கிட்டு?"

"மூணுக்கு வந்ததே அந்த மாத்திரையாலதான். இப்ப பத்து."

"நீங்க பழக்கி விட்டுட்டுப் போயிருவீக. கடைசி வரைக்கும் கெறங்கிக் கெடக்கதுக்கு எங்கம்மாவா கெடச்சாக?"

நான் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தேன். சத்தமாகவே சொன்னேன், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

"அப்ப எழுதிக் குடுங்க சார். என் தாய்க்கு வலி பத்து, டாக்டர் குடுத்த மருந்த நான்தான் பூட்டி வச்சிருக்கேன், குடுக்க இஷ்டம் இல்லேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கீழ உங்க போலீஸ் நம்பர் போட்டாப் போதும், நீங்க யாருன்னு தெரியும்."

எழுதிக் கொடுப்பது என்றால் என்ன என்று ஒரு போலீஸ்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வயதான ஏட்டு ஒருவர், "என்னப்பா, ஆத்தாவுக்கா?" என்று கேட்டார். மகனுடைய காது சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பெல்ட்டுக்கு உள்ளே கை விட்டுச் சாவியை உருவி என் நோட்டின் மேல் வைத்தார்.

சோழபுரம் திரும்பும்போது மணி நாலு. பீரோவில் இஸ்திரி போட்ட யூனிஃபார்ம்களுக்கு அடியில் அட்டைகள் இருந்தன. ஓர் அட்டையும் அடுத்ததில் இரண்டும்தான் காலி. மாத்திரையை நானே வாயில் வைத்தேன். அம்மாள் தண்ணீரை வாங்கிக் குடித்தார், என்னைப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். முதலில் கால்விரல்கள் விரிந்தன. பிறகு கண் சொருகியது. மருமகளின் போனில் நாலு மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வைத்துக் கொடுத்தேன். சாவியையும் அவளிடமே கொடுத்தேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். நோயாளி சொன்னதை வெளியில் சொல்லக் கூடாது. சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பத்துன்னா எம்புட்டு?"

"அதுதான் கடைசி. அதுக்கு மேல கிடையாது."

"பத்துதானா?" என்றாள் அம்மா. "இன்னும் ரெண்டு சேத்து எழுத முடியாதாக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். கீரைத்தண்டை முறித்துக்கொண்டே அவளும் சிரித்தாள்.

இரண்டு நாளில் வலி ஏழுக்கு வந்தது. டாக்டர் கொஞ்சம் கூட்டினார். ஐந்து. மறுபடி சிறிது கூட்டியதும் நாலு. ஒவ்வொரு முறையும் மகனைத் தெருவுக்கு அனுப்பிவிட்டுத்தான் கேட்டேன். அவர் போய் நின்றார், என்னிடம் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அம்மாள் எண்களைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் சொல்ல ஆரம்பித்தார்.

"நாலரை. அரை எங்கட்டி? அரைய எழுது. திங்கப்போறியா அத?"

நன்றி என்ற சொல் கடைசி வரைக்கும் வரவில்லை. கை கனம், ஊசி குத்தத் தெரியவில்லை, தலைக்கு வைத்த எண்ணெய் நாறுகிறது என்று குறைகள்தான். ஒன்பதாவது நாள் காலையில், மருமகள் அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது உயிர் போனது. முந்தின நாள் நான் எழுதிய எண் மூன்று. அம்மாளே சொன்னது, மகன் பக்கத்தில் இல்லாதபோது.

நான் அந்த வீட்டுச் சாவுக்குப் போகவில்லை, வேறு நோயாளிகள் இருந்தார்கள். அம்மா போனாள். பருத்திக்குப் போன பெண்கள் எல்லோரும் ஒரு வண்டி பிடித்துப் போனார்கள். திரும்பி வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள்.

"ஏட்டி, அந்தப் போலீசு வாரவுக எல்லார்ட்டயும் ஒண்ணுதான் சொல்லுதான். மூணு வலி இருந்த பொம்பளைக்கு டோஸ ஏத்தி ஏத்திக் கொன்னுட்டாகன்னு. தெனமும் நானே மூணுன்னு சொன்னேன், அந்தப் புள்ளயே எழுதிக்கிட்டான்னு சொல்லுதான். ஒங்க டாக்டர் மேல மனு எழுதிக் குடுக்கப் போறானாம்."

அவர் சொல்வதற்குச் சாட்சி என் தாள்தான். அதை எடுத்துப் பார்க்கிறவர்கள் என்ன பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று, மூன்று, மூன்று என்று பதினோரு கட்டம். அடுத்த கட்டத்தில் திடீரென்று பத்து. அதற்குக் கீழே டோஸ் கூட்டியது, மறுபடி கூட்டியது, பிறகு மரணம். நடுவில் மாத்திரையே கொடுக்கப்படவில்லை என்பதற்கு நான் டாக்டரிடம் சொன்ன இரண்டு நாள் கணக்கு மட்டும் இருந்தது. அந்தப் பதினோரு மூன்றும் அப்படியே நின்றால், மருந்துதான் கொன்றது என்று ஊர் நம்பும். அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில் பீரோக்கள் பூட்டப்படும். அவை பொய் என்று சொன்னால், கண்ணால் பார்த்துக்கொண்டே பொய்யை எழுதியவள் யார் என்ற கேள்வி வரும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டர் போன் செய்தார். "மனு வந்திருக்கு. திங்கக்கிழம அந்த ஃபைல எடுத்துட்டு வாம்மா. உன் தாள்தான் நமக்கு பலம்."

அம்மாவிடம் சொன்னேன்.

"நீ எதுக்கு வாயத் தொறக்க? அவன் சொன்னான், நீ எழுதுன. வேலை போச்சுன்னா மறுபடி வண்டியில நிக்கணும், தெரியும்ல? ஒன்னப் படிக்க வச்சது இதுக்கா?"

"நான் பாத்தேம்மா. பாத்துக்கிட்டேதான் எழுதுனேன்."

"பாத்தியே, அவளும்தான் எங்களப் பாத்தா இருவது வருசம். எங்க பருத்திக்கு என்ன எட எழுதுனா?"

அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று என்னோடு சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். மருத்துவத் தாளில் ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால் அழிக்கக் கூடாது, பழையது படிக்கும்படி ஒரே ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். பதினோரு கட்டத்திலும் கோடு இழுத்தேன். எந்த நாளில் கால்விரல் இறுகியிருந்தது, எந்த நாளில் கஞ்சி மீந்தது, எந்த நாளில் வேர்த்திருந்தது என்று நினைவில் இருந்ததை எல்லாம் அந்தந்த நாளுக்கு நேரே எழுதினேன். மகன் முன்னிலையில் கேட்டேன் என்று எழுதினேன். இரண்டு நாள் என்று டாக்டரிடம் சொன்னது பொய், பதினோரு நாள் என்று எழுதினேன். அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை எலும்பின் மேல் கை வைத்து அழுத்தியதையும் எழுதினேன். அதைக் கேட்க யாருக்கும் தோன்றாது, இருந்தாலும் எழுதினேன்.

இன்று திங்கள். காலை எட்டரைக்கு, டாக்டர் வருவதற்கு முன்னால், ஃபைலை அவர் மேசையில் வைத்துவிட்டேன். முதல் பக்கத்தில் என் கடிதம் இருக்கிறது. வைத்த கையோடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சோழபுரம் வந்து, மருமகளைக் கூப்பிட்டு, அவள் பார்த்ததை அவள் வாயால் டாக்டரிடம் சொல்ல வருவாளா என்று கேட்டுவிட்டேன்.